வேடந்தாங்கலில் கூடு கட்டுவோர் யார்?

வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பிவிட்டுச் சற்றே ஓயும் நாள்களில், செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கலுக்குப் பள்ளிப் பேருந்துகள் வரத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே கொண்ட அந்தப் பாசன ஏரியின் நடுவே, நீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் நெருக்கியடித்துக் கூடு கட்டியிருப்பதைக் கரையில் நின்றபடியே காண முடிகிறது. அவை எங்கிருந்து வந்தவை என்று கேட்டால், சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறந்து வந்து, இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, வெயில் ஏறியதும் திரும்பிச் செல்பவை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். செய்தித்தாள்களும் ஆண்டுதோறும் இதையே எழுதுவதால் மாணவர்களின் குறிப்பேடுகளிலும் அது இடம்பிடித்துவிடுகிறது. ஆனால் சற்று நின்று யோசித்தால் இந்த விடையில் ஓர் இடறல் தென்படும். ஒரு பறவை பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து தன் குடும்பத்தை இங்கேயே பெருக்கிக்கொள்கிறது என்றால், ஆண்டின் மறுபாதியில் அது அத்தனை தொலைவு திரும்பிப் போவது எதற்காக?

சரணாலயத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதன் பயன் பறவைகளின் பெயர்ப்பட்டியலை எழுதிவருவதில் இல்லை. இத்தகைய கேள்வி ஒன்றை எழுப்பி, கண்ணெதிரே நடப்பதைக் கொண்டே அதற்கு விடை தேட முடிவதில்தான் இருக்கிறது. வேடந்தாங்கல் அதற்கு மிகவும் ஏற்ற இடம்.

கரையிலிருந்து பொறுமையாக நோக்கினால், ஏரியில் இருப்பது ஒரே கூட்டமன்று, இருவேறு கூட்டங்கள் என்பது புலப்படும். மரங்களின் மீது குச்சிகளை அடுக்கிக் கூடு கட்டுவோர் நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், சாம்பல் நாரை, இராக்கொக்கு, நீர்க்காகம், பாம்புத்தாரா, பலவகை வெண்கொக்குகள் ஆகியோர். மரங்களுக்கு வெளியே திறந்த நீரில் மிதந்து திரியும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவையும், சேற்றோரத்தில் வாலை ஆட்டியபடி இரை பொறுக்கும் உள்ளான்களும் இரண்டாவது கூட்டம். இந்த இரண்டாவது கூட்டத்தார்தான் வடக்கே வெகுதொலைவிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் எவரும் இங்கே கூடு கட்டுவதில்லை. கூடு கட்டும் முதற்கூட்டத்தாரோ இந்தியத் துணைக்கண்டத்திலேயே ஆண்டு முழுவதும் வாழ்பவர்கள். நீரும் இரையும் இருக்கும் இடத்தைத் தேடி ஏரிக்கு ஏரி, மாவட்டத்துக்கு மாவட்டம், சில வேளைகளில் மாநிலம் விட்டு மாநிலம் நகர்பவர்கள்.

பருவந்தோறும் ஒரே ஒழுங்கில் நிகழும் நெடும்பயணத்தை வலசை என்பர். வாத்துகள் மேற்கொள்வது நெடுந்தொலைவு வலசை. நாரைகளும் கூழைக்கடாக்களும் மேற்கொள்வதை உள்நாட்டு வலசை எனலாம். நெடுந்தொலைவு வலசைப் பறவைக்கு இரு வாழிடங்கள் உண்டு. ஒன்று இனம் பெருக்கும் இடம், மற்றொன்று குளிர்காலத்தைக் கழிக்கும் இடம். பொதுவாக ஒரு பறவை இந்த இரண்டில் ஓரிடத்தில் மட்டுமே கூடு கட்டும். வாத்துகளுக்கு அந்த இடம் வடக்கே உள்ளது, தமிழகம் அவற்றின் குளிர்கால வாழிடம்.

இது எப்படித் தெரிய வந்தது என்பது இந்த முடிவைக் காட்டிலும் சுவையானது. பறவை பேசாது, வானில் அது போகும் வழியில் தடமும் பதியாது. குளிர்காலத்தில் பறவைகள் எங்கே மறைகின்றன என்பது ஐரோப்பியருக்கே நெடுங்காலம் புதிராக இருந்தது. அவை சேற்றுக்குள் புதைந்து உறங்குகின்றன என்று நம்பிய அறிஞர்களும் உண்டு. 1822இல் ஜெர்மனியின் க்ளூட்ஸ் என்னும் ஊரருகே சுடப்பட்ட ஒரு வெண்ணாரையின் கழுத்தில் நீண்ட அம்பு ஒன்று தைத்திருந்தது. அம்பின் மரமும் வேலைப்பாடும் நடு ஆப்பிரிக்காவுக்கு உரியவை என்று தெரியவந்ததால், அந்த நாரை ஆப்பிரிக்காவில் காயம்பட்டு, அம்போடு கண்டம் தாண்டிப் பறந்து வந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அந்தப் பறவையின் பாடம் செய்த உடல் இன்றும் உள்ளது.

தற்செயலாகக் கிடைத்த இந்தச் சான்றைத் திட்டமிட்ட முறையாக மாற்றியவர் டென்மார்க்கைச் சேர்ந்த பள்ளி ஆசிரியரான ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன். 1899இல் அவர் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் மாட்டி விடுவித்தார். வளையம் பூண்ட பறவை வேறோர் ஊரில் பிடிபட்டாலோ இறந்து கிடந்தாலோ, கண்டெடுத்தவர் முகவரிக்கு எழுதுவார். ஒரு பயணத்தின் தொடக்கமும் முடிவும் அவ்வாறு தெரியவரும். இதுவே கால்வளையமிடுதல் எனப்படும் முறை. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927இல் இந்தப் பணியைத் தொடங்கியது. 1959க்குப் பின் சாலிம் அலியின் தலைமையில், உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு அது பெரும் அளவில் விரிந்தது. தமிழகத்தின் கோடியக்கரை அந்தப் பணியின் முக்கியக் களங்களுள் ஒன்று. இந்தியாவில் வளையமிட்ட வாத்துகள் சைபீரியா முதலிய வடபுலங்களில் மீட்கப்பட்டன. நத்தைக்குத்தி நாரையின் கதை வேறு. ராஜஸ்தானின் பரத்பூரில் வளையமிட்ட ஒன்று கிழக்கே 800 கிலோமீட்டர் தொலைவிலும், தாய்லாந்தில் வளையமிட்ட ஒன்று மேற்கே 1,500 கிலோமீட்டர் கடந்து வங்கதேசத்திலும் கிடைத்தன. இவை பெரிய தொலைவுகளே. ஆயினும் தென் ஆசியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் உள்ளேயே அடங்கும் தொலைவுகள். சைபீரியாவுக்கும் இந்தப் பறவைக்கும் தொடர்பில்லை.

இனி அடுத்த கேள்வி எழுகிறது. தமிழகத்து ஏரியில் நீரும் இரையும் நிறைந்திருக்கும்போது நீலச்சிறகி ஏன் இங்கே முட்டையிடுவதில்லை? இதற்கான விடையின் ஒரு பகுதி 1920களில் கனடாவின் எட்மன்டன் நகரில் கிடைத்தது. வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர், ஜன்கோ என்னும் சிறு பறவைகளைக் கடுங்குளிரில் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்து, மாலை இருண்டபின்னும் மின்விளக்கு எரியச் செய்து அவற்றின் பகலை நாள்தோறும் சிறிது சிறிதாக நீட்டினார். பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் பருவமில்லாக் காலத்தில் சுருங்கிக் கிடப்பவை. ரோவனின் பறவைகளிலோ உறைபனிக்கு நடுவிலும் அவை வசந்தத்தில் போல் வளர்ந்துவிட்டன. வெப்பம் கூடவில்லை, வெளிச்சம் மட்டுமே நீண்டது என்பதால், வடபுலப் பறவையின் உடலை இனப்பெருக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் முதன்மையான குறிப்பு பகலின் நீளமே என்பது தெளிவாயிற்று. இதைப் பகலளவு உணர்வு எனலாம். வேடந்தாங்கலுக்கு வந்து சேரும் வாத்து, பகல் குறுகிய பருவத்தில், உறுப்புகள் சுருங்கிய நிலையில் இருக்கிறது. கூடு கட்டும் முனைப்பே அப்போது அதன் உடலில் இல்லை. பகல் நீண்டுவர, மார்ச் வாக்கில் அது வடக்கே புறப்படுகிறது. அங்கே கோடையில் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம் இருக்கும். பூச்சிகள் பெருகிய சதுப்புகளில் தாயும் குஞ்சுகளும் நெடுநேரம் மேய முடியும். இவ்வளவு நீண்ட பகலைத் தென்னிந்தியா எந்த மாதத்திலும் தர இயலாது.

வேடந்தாங்கல் அமைந்த அகலாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. எனவே இங்குள்ள நாரைகளுக்குப் பகலின் நீளத்தைவிட மழையே வலுவான குறிப்பாக அமைகிறது. கல்யாண வீட்டில் பந்தி போடும் நேரத்தை முதலில் வைத்துக்கொண்டு, அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். பறவையின் இனப்பெருக்கக் காலமும் அவ்வாறே அமைந்திருக்கிறது. குஞ்சுகளின் பசி உச்சத்தை எட்டும் வாரங்களும், ஏரிகளிலும் வயல்களிலும் மீன்குஞ்சும் தவளையும் நத்தையும் மிகுந்திருக்கும் வாரங்களும் ஒன்றாக அமைய வேண்டும். பெரிய நாரைக்கு அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதமும், குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க மேலும் இரு மாதமளவும் தேவைப்படுவதால், பருவமழை தொடங்கியதுமே கூட்டுக்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பறவை இதைச் சிந்தித்துச் செய்வதில்லை; காலந்தவறிக் கூடு கட்டியவற்றின் குஞ்சுகள் தலைமுறை தலைமுறையாகப் பசியால் மடிந்ததன் விளைவாக, காலமறிந்து கட்டும் இயல்பு உடையவையே எஞ்சின. மழை பொய்த்த ஆண்டுகள் இதற்கு இயற்கையே நடத்திக்காட்டும் சோதனைகள். ஏரி நிரம்பாத ஆண்டில் பகலின் நீளம் எப்போதும் போலவே இருந்தும் கூடுகள் மிகக் குறைகின்றன, அல்லது பறவைகள் வராமலே போகின்றன.

மரங்கள் நீரில் நிற்பதும் இதனோடு சேர்ந்ததே. நரியும் காட்டுப்பூனையும் நீந்திவந்து மரமேறுவது அரிது என்பதால், நீர் வற்றாத வரை கூடுகளுக்குத் தரைவழி ஆபத்து குறைவு. பல இனங்கள் ஒரே மரத்தில் நெருங்கிக் கட்டுவதைக் கூட்டுக் குடியிருப்பு என்று குறிக்கலாம். ஒரு பருந்து தாழப் பறந்தால் நூறு கண்கள் பார்க்கின்றன. காக்கை ஒரு முட்டையைத் திருடினாலும் குறிப்பிட்ட எந்த ஒரு கூட்டுக்கும் அந்த இழப்பு நேரும் வாய்ப்பு சிறிதாகிறது. இரை மிகுந்த வயலிலிருந்து திரும்பும் பறவையைப் பின்தொடர்ந்து மற்றவையும் அந்த வயலைக் கண்டுகொள்கின்றன என்ற கருத்தை 1973இல் வார்டு, ஜஹாவி என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்தனர். இது எல்லாக் குடியிருப்புகளுக்கும் பொருந்துமா என்பதில் இன்றும் விவாதம் உண்டு.

இத்தனை பறவைகள் ஒரே வட்டாரத்தில் இரை தேடியும் ஒன்றையொன்று பட்டினி போடாமல் இருப்பதற்கு அலகுகளே காரணம். கரண்டிவாயன் சற்றே திறந்த தட்டை அலகை ஆழமற்ற நீரில் இடவலமாக வீசியபடி நடக்கிறது. அரிவாள் மூக்கன் வளைந்த அலகைச் சேற்றுக்குள் செலுத்துகிறது. நீர்க்காகம் மூழ்கித் துரத்துகிறது. இராக்கொக்கு மற்றவை அடையத் திரும்பும் அந்தி வேளையில் இரைக்குப் புறப்படுகிறது. ஒரே வாழிடத்தின் வளத்தை இவ்வாறு இடத்தாலும் நேரத்தாலும் முறையாலும் பிரித்துக்கொள்வதை வளப் பங்கீடு என்று சூழலியலார் கூறுவர்.

இவற்றுள் நத்தைக்குத்தி நாரையின் அலகு தனித்து நோக்கத்தக்கது. தொலைநோக்கியில் பார்த்தால், மூடிய நிலையிலும் மேலலகும் கீழலகும் நுனியில் மட்டுமே தொட்டுக்கொண்டு, நடுவே வெளிச்சம் தெரியும் இடைவெளி இருப்பது தெளிவாகத் தெரியும். கூட்டிலுள்ள குஞ்சின் அலகில் அந்த இடைவெளி இல்லை; வளர வளரவே அது உருவாகிறது. நத்தை ஓட்டை இந்த இடைவெளியில் வைத்துப் பாக்குவெட்டியால் போல் உடைக்கிறது என்பதே இயல்பாகத் தோன்றும் விளக்கம். புகழ்பெற்ற உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியும் 1960இல், அருங்காட்சியக மாதிரிகளையும் எழுத்துச் சான்றுகளையும் ஆராய்ந்து, அலகின் விளிம்பிலுள்ள சொரசொரப்பை ஓடு உடைத்த தேய்மானமாகக் கருதி இந்த விளக்கத்தையே ஏற்றார். ஆனால் களத்தில் நாரைகளைக் கவனித்தவர்கள் கண்டது வேறு. நாரை தின்றுவிட்டு எறிந்த ஓடுகள் உடையாமல் முழுதாகக் கிடந்தன. கீழலகின் கூரிய நுனியை நத்தையின் வாய்மூடிக்குள் செலுத்தி, உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் அது உருவி எடுக்கிறது. பெரும்பாலும் இந்த வேலை முழுவதும் நீருக்கடியிலேயே முடிந்துவிடுவதால்தான் இது எளிதில் கண்ணுக்குப் படவில்லை. சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன், கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த நாரை நத்தையைப் பிடித்துவிடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறார். விளிம்பின் சொரசொரப்பு வழுக்கும் ஓட்டைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. இடைவெளியோ நுனியில் அழுத்தத்தைக் கூட்டுகிறது என்று இன்று கருதப்படுகிறது. மிகச் சிறந்த அறிஞரின் கருத்தையும் வயலோரத்தில் கிடந்த முழு ஓடு ஒன்று மாற்றிவிட்டது என்பதை ஒரு மாணவர் அறிய வேண்டும். அத்தகைய ஓடுகளை வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள வரப்புகளில் அவரே தேடிப் பார்க்கலாம்.

பறவைகளைக் காத்தவர்கள் யார் என்ற கேள்விக்கும் இந்த ஏரி தெளிவான விடை தருகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை உறுதிசெய்யும் கவுல் எனப்படும் ஆணையைப் பெற்றனர். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டனர். நாட்டில் விரிவான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல்தான் வந்தது என்பதை நோக்க, இந்த ஊராரின் முன்னறிவு பெருமைக்குரியது. அவர்களது அக்கறைக்குப் பரிவோடு உழவும் ஒரு காரணமாக இருந்தது. பறவைகள் அடையும் ஏரியின் நீர் பாய்ந்த வயலுக்கு எரு குறைவாகவே போதும் என்பது அவர்களின் பட்டறிவு.

அந்தப் பட்டறிவுக்கு வேதியியல் விளக்கம் உண்டு. உடலில் புரதம் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜனைப் பாலூட்டிகள் யூரியாவாக நீரில் கரைத்து வெளியேற்றுகின்றன. பறவைகளோ அதை யூரிக் அமிலமாக, நீர் மிகக் குறைந்த வெண்பசையாக வெளியேற்றுகின்றன. பருவத்தின் நடுவில் மரங்களின் மீது சுண்ணாம்படித்தாற்போல் படிந்திருப்பது இதுவே. ஏரியில் விழுந்த யூரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் அம்மோனியாவாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்விரு வடிவங்களையும் நெற்பயிரின் வேர் உறிஞ்சிக்கொள்கிறது. மீன் முள்ளிலிருந்தும் எலும்பிலிருந்தும் வரும் பாஸ்பரசும் எச்சத்தோடு சேர்கிறது. பறவைகள் சுற்றுவட்டார வயல்களிலும் ஏரிகளிலும் சிதறிக்கிடக்கும் சத்தைத் திரட்டி ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பதே இதன் பொருள். சத்து அளவு மீறினால் பாசி பெருகி, அது அழுகும்போது நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஊட்டமிகை எனப்படும் இந்நிலையைக் கோடையில் நீர் குறைந்த ஏரியின் பச்சை நிறத்தில் காணலாம்.

இந்த விளக்கம் உண்மையா என்று சோதிக்க விரும்பும் ஆசிரியர், வேடந்தாங்கல் நீரை மட்டும் அளந்தால் போதாது. பறவைகள் வருமுன் ஒருமுறையும், கூடுகள் நிறைந்தபின் ஒருமுறையும் நீரெடுத்து நைட்ரேட்டை அளக்க வேண்டும். அதே நாள்களில், கூடுகள் இல்லாத பக்கத்து ஏரி ஒன்றிலும் அளக்க வேண்டும். மழைநீரும் வயல் உரமும் இரு ஏரிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் கலக்கக்கூடியவை என்பதால், வேறுபாட்டில் பெரும்பங்கு பறவைகளுக்கு உரியதாக இருக்கும். இவ்வாறு ஒன்றைத் தவிர மற்றவை ஒத்திருக்கும்படி தேர்ந்துகொள்ளும் இரண்டாவது மாதிரியை ஒப்பீட்டு மாதிரி என்பர். நீர்ச்சோதனைக்கான எளிய கருவிப்பெட்டிகள் பள்ளி ஆய்வகங்களுக்கு எட்டும் விலையிலேயே கிடைக்கின்றன.

எண்ணுவதற்கும் முறை உண்டு. பறந்துகொண்டிருக்கும் பறவைகளை எண்ண முயன்றால் ஒன்றையே பலமுறை எண்ணிவிட நேரும். கூடுகளோ இடம் மாறுவதில்லை. எனவே காவற்கோபுரத்திலிருந்து தெரியும் சில மரங்களைத் தேர்ந்து, அவற்றிலுள்ள கூடுகளை இனவாரியாக எண்ணி, எந்த இனம் உச்சிக்கிளையில், எது இடைக்கிளையில் கட்டியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்வதே நம்பகமான வழி. பொதுவாகப் பெரிய உடலுள்ள நாரைகள் உச்சியையும், நீர்க்காகங்களும் இராக்கொக்குகளும் கீழ்க்கிளைகளையும் பிடித்துக்கொள்கின்றன. இரு மாணவர்கள் தனித்தனியே எண்ணி, பின்னர் எண்களை ஒப்பிட்டால், எந்த அளவீட்டிலும் பிழை எவ்வளவு நுழையும் என்பதும் உடனே விளங்கும். இதற்கு விடிந்த பின்னான ஓரிரு மணி நேரமோ மாலை நான்கு மணிக்குப் பின்போ ஏற்றது. உச்சிவெயிலில் பெரும்பாலான பெற்றோர் இரைக்குப் போயிருப்பர், நீரின் மேல் வெப்ப அலை ஆடுவதால் தொலைநோக்கியிலும் உருவம் கலங்கும். ஐம்பது பேரை ஒரே வரிசையில் அரைமணி நேரம் நடத்திச் சென்று திரும்புவதைவிட, பத்துப் பேரை ஒரு மரத்தின் எதிரே இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது மேலானது.

இவ்வாறு எடுத்த கணக்கு குறிப்பேட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும், தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் எவரும் பங்கேற்கலாம். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற வேடந்தாங்கலும் அதற்கு அண்மையிலுள்ள கரிக்கிலியும் ஆட்கள் தேடிவரும் இடங்களாதலால், அவற்றுக்குக் கணக்கெடுப்போர் குறைவில்லை. பெயரறியாத ஊர் ஏரிகளுக்குத்தான் ஆள் இல்லை. வேடந்தாங்கலில் மழை பொய்த்த ஆண்டில் நாரைகள் எங்கே போய்க் கூடு கட்டின என்பதைச் சொல்லக்கூடிய ஏரிகள் அவை. சரணாலயத்தில் எண்ணிப் பழகிய ஒரு வகுப்பு, தன் ஊர் ஏரியை ஐந்தாறு பருவங்கள் தொடர்ந்து எண்ணிவந்தால் அந்த விடையின் ஒரு துண்டு அதன் கையில் இருக்கும்.